பனி விலகிய திசை

இந்த வாரம் என் மனத்தை உறுத்திக்கொண்டே இருந்தது, ஒரு தினசரியில் வெளிவந்த வாசகர் கடிதம். தென்துருவத்துப் பனித்தட்டுகளை ஆழ்கடல் நீர் அடியிலிருந்து கரைத்து வருகிறதென்றும், அந்நீரின் வருங்காலப் போக்கை விஞ்ஞானிகள் கணினி மாதிரிகளைக் கொண்டு கணித்து வருகிறார்களென்றும் அப்பத்திரிகை முன்பு ஒரு செய்தி போட்டிருந்தது. கதகதப்பான அறையை விட்டு வெளியே வராமல், துருவப் பனியை ஒருநாளும் கண்ணால் காணாமல், எண்களைக் கூட்டியும் பெருக்கியும் பொழுது போக்குகிறவர்களுக்கு அந்தச் சமுத்திரத்தைப் பற்றி வாய் திறக்க என்ன யோக்கியதை இருக்கிறது என்று கடிதம் எழுதிய அன்பர் கேட்டிருந்தார். பிறர் உழைப்பை ஒரே வாக்கியத்தில் தள்ளிவிடும் அந்த அலட்சியம் எனக்குக் கோபத்தையே உண்டாக்கிற்று.

ஜெர்மனியில் வெஸர் நதி கடலோடு கலக்கும் இடத்தில் பிரேமர்ஹாவன் என்ற துறைமுக நகரம் இருக்கிறது. 1980-இல் அங்கே நிறுவப்பெற்ற ஆல்ஃபிரட் வேகனர் ஆராய்ச்சி நிலையத்தில், துருவக் கடலுக்கு மாதிரி அமைப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் பலர். உலகத்துச் சமுத்திரம் முழுவதையும் சிறிதும் பெரிதுமான முக்கோணங்களாகப் பகுத்து, ஒவ்வொன்றையும் மேல்மட்டத்திலிருந்து அடித்தளம் வரை பல அடுக்குகளாக்கி, நீரின் வேகம், உஷ்ணம், உப்பு, மேலே மிதக்கும் பனியின் கனம் ஆகியவை நிமிஷங்கள் செல்லச் செல்ல எவ்வாறு மாறும் என்பதை இயற்கை விதிகளைக் கொண்டு கணக்கிடுவது அவர்களுடைய முறை. வெப்பமண்டலக் கடலில் 100 கிலோமீட்டருக்கு மேல் அகன்று திரியும் நீர்ச்சுழல்கள் வடதுருவத்தில் 10 கிலோமீட்டர் அளவுக்குச் சிறுத்துப்போவதால், அங்கே முக்கோணங்களை மிக நுணுக்கமாக வெட்ட வேண்டும். வெட்ட வெட்டக் கணக்கும் பெருகும். இவ்வளவும் முடிந்த பிறகு அவர்கள் தேடிச் சென்று பார்ப்பது, கணக்குக்கும் கடலுக்கும் உள்ள வேற்றுமையை. கடலடியில் நங்கூரமிட்டு நிறுத்திய கருவிகளும், தலையில் சிறு கருவி ஒட்டப்பெற்ற யானைச் சீல்கள் மூழ்கி எழும்போது தெரிவிக்கும் அளவுகளும் எந்த இடத்தில் கணக்கோடு ஒத்துவரவில்லையோ, அந்த இடத்தில்தான் அவர்களுடைய மெய்யான வேலை ஆரம்பமாகிறது.

இதை எழுதும்போதே என் கை, நார்வே நாட்டுத் துருவ ஆராய்ச்சியாளர் நான்ஸெனுடைய ‘ஃபார்தஸ்ட் நார்த்’ புத்தகத்தை எடுத்துவிட்டது. இப்பத்தியின் பழைய வாசகர்கள் எதிர்பார்த்தே இருப்பார்கள். நான்ஸெனும் அவருடைய தோழர் யோஹான்ஸெனும் கல்குடிலில் ஒரு மாரிக்காலத்தைக் கழித்த கதையை முன்பு எழுதியபோது, அவர்கள் ஏறிச் சென்ற ஃப்ராம் என்ற கப்பல் எதற்காகப் புறப்பட்டது என்பதைப் பின்னால் சொல்வதாக விட்டிருந்தேன். அந்தக் கடனை இன்று தீர்த்துவிடுகிறேன்.

ஜீனெட் என்ற அமெரிக்கக் கப்பல், சைபீரியாவுக்கு வடக்கே பனியில் அகப்பட்டு, 1881 ஜூனில் நொறுங்கி மூழ்கியது. மூன்று ஆண்டுகள் கழித்து அதன் பொருள்கள் சில, துருவ சமுத்திரத்துக்கு அப்பால், கிரீன்லாந்தின் தென்மேற்குக் கரையருகே ஒரு பனித்துண்டின்மேல் கிடந்தன. நார்வே நாட்டு வானிலை அறிஞர் ஹென்ரிக் மோன் இதைப் பற்றி எழுதியதை, பெர்கன் காட்சிசாலையில் உத்தியோகம் பார்த்துவந்த இளைஞர் நான்ஸென் படித்தார். படித்தவர் மேலும் சாட்சிகளைத் திரட்டினார். கிரீன்லாந்துக் கரையில் ஒதுங்கும் மரங்கள் சைபீரியக் காட்டு மரங்கள். அங்கே கண்டெடுத்த ஈட்டி எறியும் கட்டையொன்று கிரீன்லாந்து மக்கள் செய்யும் மாதிரியில் இல்லை. அலாஸ்கா எஸ்கிமோக்களின் கைவேலை அது. அதில் பதித்திருந்த கண்ணாடி மணிகளோ, அவர்கள் ஆசியக் கரை மக்களிடம் பண்டமாற்றாகப் பெறும் சீன மணிகள். யாரோ ஒரு வேடன் கைதவறவிட்ட கட்டை, மனிதர் எவரும் கடந்திராத கடலைக் கடந்து வந்திருக்கிறது. கிழக்கேயிருந்து மேற்கே துருவத்தை ஒட்டி ஒரு நீரோட்டம் போகிறதென்றும், வலிமையான கப்பலொன்றைப் பனியிலே உறையவிட்டால் அது தானே மறுகரை சேருமென்றும் நான்ஸென் அனுமானித்தார். ஆரம்பம், முடிவு, காலம் என்ற மூன்றை மட்டும் வைத்துக்கொண்டு இடையிலுள்ள கடலைக் கணக்கால் நிரப்பிய அந்த யோசனையைத் துருவ சமுத்திரத்தின் முதல் மாதிரி என்றே நான் கருதுகிறேன்.

அதை எதிர்த்தவர்கள் யார் என்பதைக் கடிதம் எழுதிய அன்பர் அறிய வேண்டும். ஆர்க்டிக் பனியிலே ஆண்டுகளைக் கழித்து, தோழர்கள் பசியால் மடிவதைக் கண்ணால் கண்டு திரும்பிய அமெரிக்கத் தளபதி கிரீலி, இத்திட்டம் வீண் அழிவு என்று கடுமையாக எழுதினார். பனியைக் கண்டு பழுத்த பிரிட்டிஷ் கடற்படைப் பெரியவர்களும் 1892-இல் லண்டன் பூகோள சங்கத்தில் ஐயப்பாட்டையே தெரிவித்தார்கள். நான்ஸெனும் பனியறியாதவர் அல்லர். 1888-இல் கிரீன்லாந்தைப் பனிச்சறுக்கால் குறுக்கே கடந்தவர். ஆயினும் துருவத்தின் நடுக்கடலை அவரும் பார்த்ததில்லை, மற்றவர்களும் பார்த்ததில்லை. அங்கே அனுபவம் கையை விரித்தது, அனுமானம் வழிகாட்டியது.

1893 செப்டம்பரில் ஃப்ராம் 13 பேருடன் பனியில் உறைந்தது. 1896 ஆகஸ்டில் ஸ்பிட்ஸ்பெர்கனுக்கு வடக்கே விடுபட்டது. கணக்கு பலித்தது என்று சொல்லி இங்கேயே நிறுத்திவிடுகிற ஆசிரியர்கள் உண்டு. எனக்கு அப்புத்தகத்தில் உயிர்ப்பாகத் தோன்றுவது, கணக்கு பலிக்காத பக்கங்கள். துருவக் கடல் ஆழமற்றது என்று நம்பி அதற்கேற்ற கயிறுகளையே கொண்டுபோயிருந்தார்கள். எவ்வளவு விட்டும் அடி தட்டவில்லை. கப்பலின் எஃகு வடமொன்றைப் பிரித்து, கடுங்குளிரில் பனிமேல் நின்று, இழை இழையாக முறுக்கி, 4000 மீட்டருக்கு மேற்பட்ட ஒரு கயிற்றைத் தாங்களே திரித்தார்கள். அந்தக் கயிறு 3000 மீட்டரையும் தாண்டிய ஆழங்களைக் காட்டியது. உறைந்த கடலின் மேல்நீருக்குக் கீழே, அட்லாண்டிக்கிலிருந்து வந்த சற்று வெப்பமான நீர் ஓர் அடுக்காகப் பரந்திருப்பதும் தெரிந்தது. கப்பலோ நான்ஸென் விரும்பியபடி துருவத்தைத் தொடும் பாதையில் செல்லவில்லை.

இவற்றிலெல்லாம் சிறியதாகத் தோன்றிய வேற்றுமையொன்று பெரிய பலனைத் தந்தது. நாள்தோறும் குறித்துவந்த அளவுகளை ஒப்பிட்டபோது, காற்று அடிக்கும் திசையில் பனி போகாமல், அதற்கு வலப்புறமாக 20 முதல் 40 டிகிரி வரை விலகியே போவதை நான்ஸென் கண்டார். பூமியின் சுழற்சியே காரணம் என்று ஊகித்த அவர், பிறகு வில்ஹெல்ம் பியெர்க்னெஸ் என்ற பேராசிரியரிடம் இதை ஒப்படைக்க, அவர் வாகன் வால்ஃப்ரிட் எக்மன் என்ற மாணவரிடம் கொடுத்தார். எக்மன் பேனாவையும் காகிதத்தையும் கொண்டு கணக்கைத் தீர்த்தார். காற்று மேல்நீரைத் தள்ள, மேல்நீர் தனக்குக் கீழுள்ள நீரை இழுக்க, ஒவ்வோர் அடுக்கும் மேலதைவிடச் சற்றே அதிகம் திரும்பி, சற்றே வேகம் குறைந்து, திருகுபோல் ஆழத்தில் அடங்குகிறது. மொத்த நீரும் சேர்ந்து காற்றுக்குச் செங்குத்தாக நகர்கிறது. 1905-இல் ஆங்கிலத்தில் வெளிவந்த அவருடைய கட்டுரை இன்றளவும் கடலியல் மாணவர்களின் ஆரம்ப பாடமாக இருக்கிறது.

தென்கோளத்தில் இவ்விலகல் இடப்புறமாகும். அண்டார்க்டிகாவைச் சுற்றி ஓயாமல் வீசும் மேற்குக் காற்று, அதனால் மேல்நீரை வடக்கே ஒதுக்குகிறது; அந்த இடத்தை நிரப்ப ஆழத்து நீர் எழுகிறது. பூஜ்யத்துக்கு மேல் 1 டிகிரி அளவே உள்ள அந்நீர், பூஜ்யத்துக்குக் கீழே 1.9 டிகிரிக்குச் சமீபத்தில் உறையும் அக்கடலில் பனித்தட்டைத் தின்னப் போதுமான வெப்பமுடையது. பிரேமர்ஹாவன் அறைகளில் ஓடும் கணினிகளில் எக்மனுடைய விதி ஒவ்வொரு நிமிஷமும் வேலை செய்துகொண்டிருக்கிறது.

அந்நிலையத்தார் போலார்ஷ்டெர்ன் என்ற தங்கள் கப்பலை 2019 அக்டோபரில், நான்ஸெனைப் பின்பற்றி, சைபீரியாவுக்கு வடக்கே ஒரு பனித்திட்டோடு பிணைத்து மிதக்கவிட்டார்கள். பல ஆண்டுப் பனியோட்டங்களைக் கணக்கிட்டே இடத்தைத் தேர்ந்தார்கள். பனியோ அவர்கள் எதிர்பார்த்ததைவிட வேகமாக ஓடி, 2020 ஜூலை முடிவிலேயே ஃப்ராம் ஜலசந்தியில் கப்பலைக் கொண்டுவந்து விட்டது. அந்த வேகத்துக்குக் காரணம் தேடும் கணக்குகளை நான் ஆவலோடு படித்து வருகிறேன்.

1893 ஆகஸ்டில், இயந்திரம் முழுவேகத்தில் ஓடியும் ஃப்ராம் நகர மாட்டாமல் நின்ற ‘செத்த நீர்’ விவகாரத்தையும், அதற்கும் எக்மனே 1904-இல் தொட்டியில் சோதனை செய்து விடை சொன்னதையும் அடுத்த வாரம் எழுதுகிறேன்.