வரப்போரத்துப் புலிகுத்திக் கல்லை அகற்றலாமா?

கேள்வி: எங்கள் தோட்டத்து வரப்பில் ஒரு பழைய பலகைக்கல் நிற்கிறது. ஒருவர் ஈட்டியால் புலியைக் குத்துவதுபோல் செதுக்கியுள்ளார்கள். ஆடியில் பொங்கல் வைத்துக் கும்பிடுவோம். இப்போது டிராக்டர் திருப்ப இடைஞ்சலாக இருக்கிறது. பொக்லைன் வைத்து வீட்டருகே மாற்றிவிடலாமா?
– வாசகர், தாராபுரம் வட்டம்

பதில்: அவசரப்பட வேண்டாம். அது உங்கள் மண்ணில் நடந்த ஒரு சாவின் குறிப்பு. பட்டி மாட்டைக் காக்கப் புலியோடு மோதி இறந்தவருக்கு நட்ட கல்லைத்தான் கொங்குப் பக்கம் புலிகுத்திக் கல் என்கிறோம்.

அந்நாளில் மாடுதான் சொத்து. அது போனால் உழவு, பால், எரு மூன்றும் போயிற்று. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கிடைத்த, 2,000 ஆண்டுப் பழமையான நடுகல்லும் மாடு கவரும் சண்டையில் இறந்தவருக்கு வைத்ததே. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில், மகேந்திரவர்ம பல்லவன் காலத்துக் கல்லில், எருமைகளுக்காக உயிர்விட்டவரோடு அவருடைய நாயும் நிற்கிறது. திருடர் இருவரைக் கடித்த அந்த நாயின் பெயர் கோவிவன் என்றும் பொறித்திருக்கிறார்கள்.

காய்ச்சலில் போனவர்களுக்குப் பொதுவாக இப்படிக் கல் நட்டதில்லை. அதனால் இருக்கிற கல்லாவது நிலைக்க வேண்டும்.

கல் நிற்கும் இடமும் ஒரு சாட்சி. ஆள் விழுந்த இடத்திலோ ஊர் எல்லையிலோ நடுவது வழக்கம். இன்று நீங்கள் உழும் இடம் அன்று காட்டோரமாகவோ மேய்ச்சல் நிலமாகவோ இருந்திருக்கலாம். கல்லைப் பெயர்த்தால் அந்தச் சாட்சி போய்விடும். பொக்லைன் பல் பட்டால் உருவமும் சிதையும்.

செய்ய வேண்டியவை:

1. கல்லைச் சுற்றி 3 அடி விட்டு உழுங்கள். ஒரு சென்டில் சுமார் எட்டில் ஒரு பங்குதான் போகும்.

2. பூசையை நிறுத்த வேண்டாம். பூவும் பொங்கலும் போதும். பெயின்ட், எண்ணெய், சுண்ணாம்பு பூசினால் எழுத்து இருந்தாலும் மறைந்துவிடும். கம்பி பிரஷ்ஷால் தேய்க்கவே கூடாது.

3. பகலில் படமெடுத்து, கிராம நிர்வாக அலுவலர் வழியாகத் தொல்லியல் துறைக்கோ மாவட்ட அருங்காட்சியகத்துக்கோ தகவல் கொடுங்கள். நிலத்தை எடுத்துக்கொள்வார்களோ என்று பயந்து மறைக்க வேண்டாம். பெரும்பாலும் படியெடுத்து, படித்துப் பதிவு செய்துகொண்டு போவார்கள்.

4. கல்லைப் பற்றி வீட்டுப் பெரியவர்கள் சொல்வதை இந்த ஆடிக்குள் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். கல் இன்னும் பல காலம் நிற்கும்; கதை தெரிந்தவர்கள் அதுவரை இருக்கமாட்டார்கள்.