பொங்கல் பானையும் புகையும்

பொங்கலன்று மறைமலை நகர்த் தெருக்களில் நடந்திருக்கிறீர்களா? வாசலில் மூன்று செங்கல், அதன்மேல் பானை, சுற்றிலும் புகை, அடுப்பு ஊதும் அம்மாவின் கண்களில் நீர்.

"விறகில் வைத்தால்தான் பொங்கல் மணக்கும்" என்பார் பாட்டி. உண்மைதான். மரத்திலுள்ள லிக்னின் வெப்பத்தால் சிதைந்து, குவையாக்கால் போன்ற மணப்பொருள்களைத் தருகிறது. ஆனால் மணத்துக்குச் சிறிது புகை போதுமே! கண்ணைக் கரிக்கும் புகை என்பது முழுதும் எரியாத விறகுதான். அதில் கார்பன் மோனாக்சைடும், புற்றுநோய் விளைவிக்கும் பென்சோபைரீனும் உண்டு.

ஈர விறகே முதல் குற்றவாளி. ஒரு கிராம் கொதிநீரை ஆவியாக்க 540 கலோரி செலவாகிறது. அந்த வெப்பம் பானைக்குச் சேராது, தீயும் தணியும். விறகைத் திணித்தால் காற்றும் கிடைக்காது. வர்ணம் பூசிய பலகையையும் பிளாஸ்டிக்கையும் அடுப்பில் இடுவது அதைவிடத் தீது.

விறகுப் பொங்கலையே விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. காய்ந்த விறகைச் சிறிதாகப் பிளந்து, இடைவெளி விட்டு அடுக்கி, திறந்தவெளியில் எரியுங்கள். வரும் பொங்கலுக்கு அடுப்பை நீங்களே கவனியுங்கள். பால் பொங்கும்போது, அம்மாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டிராமல் "பொங்கலோ பொங்கல்" என்று கூவட்டும்!