சிபார்சு வரிசை ஒழிய வேண்டாமா?

சர்க்கார் சாமான் வாங்குவது எப்படி, டெண்டர் விடுவது எப்படி, கண்டிராக்டை யாருக்குக் கொடுப்பது என்பவை போன்ற விஷயங்களைப் பற்றிச் சட்டசபைகளில் விவாதம் நடந்தால், நம்மில் பெரும்பாலோர் அந்தச் சேதியைப் படிக்காமலே பக்கத்தைத் திருப்பிவிடுகிறோம். ஏதோ வக்கீல்களும் குமாஸ்தாக்களும் பேசிக்கொள்ள வேண்டிய சங்கதி என்று எண்ணிவிடுகிறோம். நாம் இப்படி எண்ணிக்கொண்டிருப்பதுதான் சிலருக்கு வேண்டியதாயிருக்கிறது. ஏனென்றால், ஏழை கொடுத்த வரிப்பணம் யாருடைய பைக்குப் போய்ச் சேருகிறது என்பது முடிவாகிற இடம் அதுதான்.

ஆகையால், இவ்விஷயமாகப் பிரிட்டிஷ் பார்லிமெண்டில் நடந்த விவாதத்தைப் பற்றியும், அதில் ஏஞ்சலா ரேனர் அம்மையார் எடுத்துக்கொண்ட பங்கைப் பற்றியும் சில வார்த்தைகள் எழுத விரும்புகிறோம்.

இவ்வம்மையார் பெரிய இடத்துப் பெண் அல்லர். 1980-ல் ஸ்டாக்போர்ட் என்ற ஊரில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். 16-வது வயதில் கர்ப்பமுற்றுப் பள்ளிக்கூடத்தை விட்டவர். பிறகு, வயோதிகர்களுக்கும் நோயாளிகளுக்கும் பணிவிடை செய்யும் வேலையிலிருந்து, தொழிற்சங்கத்தில் உழைத்து, 2015-ல் பார்லிமெண்டு அங்கத்தினரானவர். பட்டமில்லாத ஒரு பெண் கஜானாவையும் கண்டிராக்டையும் பற்றிப் பேச என்ன யோக்கியதை உடையவர் என்று கேட்பவர்கள் எந்த நாட்டிலும் இருப்பார்கள். அவர்களுக்கு நாம் சொல்லும் பதில் இதுதான்: கையுறையும் அங்கியும் இல்லாவிட்டால் ஆபத்தில் நிற்கிறவர் யார் என்பதைப் புத்தகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியவருக்கு உள்ள யோக்கியதையைவிட, அந்த வேலையைச் செய்து தெரிந்துகொண்டவருக்கு உள்ள யோக்கியதை ஒன்றும் குறைந்ததல்ல.

இனி விஷயத்துக்கு வருவோம். 2020-ல் கொரோனா நோய் பரவியபோது, ஆஸ்பத்திரிகளுக்கு வேண்டிய முகமூடி, அங்கி, கையுறை முதலியவற்றை வாங்கப் பிரிட்டிஷ் சர்க்கார் அவசர அவசரமாகப் புறப்பட்டது. விற்பதாகச் சொன்னவர்களை இரண்டு வரிசையாக நிறுத்தினார்கள். ஒன்று எல்லோருக்கும் உள்ள வரிசை. மற்றொன்று, மந்திரிகள், பார்லிமெண்டு அங்கத்தினர்கள், பிரபுக்கள் சபையினர், பெரிய உத்தியோகஸ்தர்கள் முதலியவர்கள் பெயர் சொல்லி அனுப்பியவர்களுக்கு உள்ள வரிசை. இதற்கு அதிகாரிகள் வைத்த பெயர் 'உயர் முன்னுரிமை வரிசை'. ஜனங்கள் வைத்த பெயர் 'வி.ஐ.பி. வரிசை'. நம் ஊர்ப் பேச்சில் சொன்னால் சிபார்சு வரிசை.

இதன் பலன் என்ன? 2020 நவம்பரில் அந்நாட்டுத் தேசியத் தணிக்கை அலுவலகம் கணக்கை வெளியிட்டது. சிபார்சு வரிசையில் வந்த 493 பேரில் 47 பேருக்குக் கண்டிராக்டு கிடைத்தது. சாதாரண வரிசையில் நின்ற 14,892 பேரில் 104 பேருக்குத்தான் கிடைத்தது. அதாவது, அங்கே பத்தில் ஒருவருக்கு. இங்கே நூற்றில் ஒருவருக்குக்கூட இல்லை. 2022 ஜனவரியில் லண்டன் ஐகோர்ட்டானது, இரண்டு கம்பெனிகள் விஷயத்தில் இவ்வரிசையை உபயோகித்தது சட்டவிரோதம் என்று தீர்ப்புச் சொல்லிற்று. அவ்விரு கம்பெனிகளுக்கும் எப்படியும் கண்டிராக்டு கிடைத்திருக்கக்கூடும் என்றும் அதே கோர்ட்டு சொல்லிற்று. நமக்கு அனுகூலமானதை மாத்திரம் எடுத்துச் சொல்லுவது பகுத்தறிவுக்காரர் வேலையல்லவாதலால், இதையும் மறைக்காமல் சொல்லுகிறோம்.

இந்த நிலையில்தான் ரேனர் அம்மையார் இவ்விஷயத்தைக் கையில் எடுத்துக்கொண்டார். மேற்சபை அங்கத்தினர் ஒருவருடைய சிபார்சினால் அவ்வரிசைக்குள் புகுந்த பி.பி.இ. மெட்புரோ என்ற கம்பெனியைப் பற்றிய கடிதங்களையும் தஸ்தாவேஜுகளையும் சர்க்கார் வெளியிட வேண்டும் என்ற பிரேரணையை 2022 டிசம்பர் 6-ந் தேதி சபையில் கொண்டுவந்தார். அது எதிர்ப்பு ஓட்டு இல்லாமல் நிறைவேறிற்று. பிறகு, பொதுக் கொள்முதல் மசோதா 2023 ஜனவரி 9-ந் தேதி காமன்ஸ் சபைக்கு வந்தபோது எதிர்க்கட்சியின் சார்பாகப் பேசினார். அவருடைய வாதத்தின் சாரம் இவ்வளவுதான்: வருஷம் ஒன்றுக்குச் சுமார் 30,000 கோடி பவுன் இவ்வழியாகச் செலவாகிறது, இது ஜனங்களுடைய பணம், ஆகவே யாருக்கு எவ்வளவு போகிறது என்பது ஜனங்களுக்குத் தெரிய வேண்டும், அது உள்நாட்டில் நல்ல வேலை கொடுக்கும் தொழில்களுக்கு உதவ வேண்டும், சிபார்சு வரிசை மறுபடியும் தலையெடுக்க இடமிருக்கக்கூடாது.

இதற்குச் சொல்லப்படும் சமாதானம் என்னவென்றால், 'ஜனங்கள் செத்துக்கொண்டிருக்கும்போது டெண்டர் விட்டுக்கொண்டிருக்க முடியுமா?' என்பதேயாகும். முடியாது என்பதை நாமும் ஒப்புக்கொள்ளுகிறோம். ஆனால், அவசரம் வேறு, சிபார்சு வேறு. வந்த பதினைந்தாயிரம் பேரில் யாரை முதலில் கூப்பிடுவது என்பதுதான் கேள்வி. இதற்குமுன் அங்கி தைத்தவன் யார், கையில் சரக்கு வைத்திருப்பவன் யார், நாளைக்கே அனுப்பக் கூடியவன் யார் என்று பார்த்துக் கூப்பிட்டால் அது அவசரத்துக்கு ஏற்ற புத்தி. மந்திரிக்குத் தெரிந்தவன் யார் என்று பார்த்துக் கூப்பிட்டால் அதில் அவசரமும் இல்லை, புத்தியும் இல்லை. மந்திரியைத் தெரிந்திருப்பதால் ஒருவன் தைத்த அங்கியில் ஓட்டை இல்லாமல் போய்விடுமா?

இது வெறும் வாய்ப் பேச்சல்ல என்பதற்கு மேற்படி கம்பெனியின் கதையே சாட்சி. அது கொடுத்த 2 கோடியே 50 லட்சம் அங்கிகள் கிருமி நீக்கப்பட்டவை என்பதற்கு வேண்டிய அத்தாட்சி இல்லை, ஒப்பந்தம் மீறப்பட்டது, ஆகவே சுமார் 12 கோடியே 20 லட்சம் பவுனைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று 2025 அக்டோபர் 1-ந் தேதி ஐகோர்ட்டு தீர்ப்பளித்தது. தீர்ப்பு வருவதற்கு முன்பே கம்பெனி திவால் வழியில் காலெடுத்து வைத்துவிட்டது.

நிற்க. மசோதாவானது 2023 அக்டோபர் 26-ந் தேதி சட்டமாகி, 2025 பிப்ரவரி 24-ந் தேதி அமுலுக்கு வந்தது. டெண்டரில்லாமல் நேரே கண்டிராக்டுக் கொடுப்பதானால் பொதுவாக முன்கூட்டி அறிவிப்புச் செய்ய வேண்டும், கொடுப்பவருக்கும் வாங்குபவருக்கும் சம்பந்தமுண்டா என்று ஆராய்ந்து எழுதி வைக்க வேண்டும், நாணயம் தவறியவர்களை விலக்கி ஜாபிதாவில் சேர்க்கலாம் என்றெல்லாம் அதில் நல்ல விதிகள் இருக்கின்றன. ஆனால், சிபார்சு வரிசை கூடாது என்று பெயர் சொல்லித் தடுக்கும் விதி அதில் இல்லை. உயிரைக் காக்க வேண்டிய அவசரம் என்றால் நேரே கண்டிராக்டுக் கொடுக்க மந்திரி வழிசெய்யலாம் என்ற 42-வது பிரிவும் இருக்கிறது. கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டாயிற்று. ஆனால் அவசரம் வரும்போது அதைத் திறக்கும் அதிகாரம் மந்திரியிடமே இருக்கிறது என்பதுதான் நமது அபிப்பிராயம்.

கடைசியாக ஒன்று சொல்லாமல் விட்டால் நாம் நாணயமற்றவர்களாவோம். ரேனர் அம்மையார் 2024 ஜூலையில் உதவிப் பிரதம மந்திரியானார். 2025 செப்டம்பர் 5-ந் தேதி அப்பதவியை ராஜிநாமாச் செய்தார். ஹோவ் என்ற ஊரில் தாம் வாங்கிய வீட்டுக்குச் செலுத்த வேண்டிய முத்திரை வரியில் சுமார் 40,000 பவுன் குறைத்துச் செலுத்தியிருந்ததே காரணம். அவர் நேர்மையுடனேயே நடந்துகொண்டார் என்றும், ஆனால் தகுந்த வரி ஆலோசனை பெறத் தவறியதால் மந்திரிகளுக்குரிய நடத்தை விதியை மீறிவிட்டார் என்றும் விசாரித்தவர் சொன்னார்.

இதைக் கண்டு சிலர், 'பார்த்தீர்களா, கணக்குக் கேட்ட அம்மாளின் கணக்கை!' என்று கைகொட்டிச் சிரிக்கலாம். அவர்கள் சிரிப்பதால் 493-ல் 47 என்பது மாறிவிடப் போவதில்லை. கேட்டவர் தவறியதால் கேள்வி தவறாகிவிடுமா? வேறு சிலர், நம்மவராயிற்றே, மன்னித்து விட்டிருக்கலாமே என்று சொல்லலாம். அவர்களுக்கு நாம் சொல்லுவது, அந்த 'நம்மவர்' என்ற எண்ணத்திலிருந்துதான் சிபார்சு வரிசையே முளைத்தது என்பதாகும். மந்திரியின் சிநேகிதனுக்கு ஒரு விதி, மற்றவனுக்கு ஒரு விதி கூடாது என்று வாதாடிய அம்மையார், விதி தம்மைப் பிடித்தபோது பதவியை விட்டு இறங்கினார். அவர் சபையில் பேசிய பேச்சுக்கு இது விரோதமல்ல என்பதே நமது எண்ணம்.

ஆகவே, தோழர்களே! எந்த நாட்டுச் சர்க்காரானாலும், எந்தக் கட்சியார் ஆண்டாலும், 'இவரை யார் அனுப்பினார்கள்?' என்று கேட்கும் ஆபீசில், 'இவர் கொண்டுவந்த சரக்கு எப்படி?' என்று கேட்கும் ஜனங்கள் வேண்டும். அடுத்த தடவை பத்திரிகையில் டெண்டர் என்ற வார்த்தையைக் கண்டால் பக்கத்தைத் திருப்பாமல் படியுங்கள்.