ரத்தத்தின் மேல் போடும் பழி

சிரம்பானில் அண்மையில் ஒரு கல்யாணப் பேச்சு முறிந்தது. பொருத்தம் பார்த்து நிச்சயத்துக்கு நாளும் குறித்தாகிவிட்டது. பெண்ணின் அப்பா நெடுங்காலமாக மனநோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறார் என்ற செய்தி யார் மூலமோ மாப்பிள்ளை வீட்டுக்குப் போனது. "அது அவங்க ரத்தத்துலயே இருக்குங்க. நாளைக்குப் பொறக்கப் போற புள்ளைக்கும் வரும்" என்றார் மாப்பிள்ளையின் பெரியம்மா. கூடியிருந்த பெரியவர்களில் ஒருவர்கூட மறுத்துப் பேசவில்லை. பெண் வீட்டாருக்குச் சொந்த ஊர் புக்கிட் பெலண்டோக். வேறு எந்த ஊர்க்காரரிடம் சொல்லியிருந்தாலும் இந்தப் பேச்சு அறியாமை. அந்த ஊர்க்காரரிடம் சொன்னது அநியாயம்.

மனநோய் வந்தால் பரம்பரை, சிகரெட்டை விட முடியாவிட்டால் அப்பன் புத்தி, குடித்தால் தாத்தா வழி. மலேசியத் தமிழர் வீடுகளில் இந்தத் தீர்ப்புக்கு மேல்முறையீடே கிடையாது. தஞ்சோங் ரம்புத்தானில் 1911இல் தொடங்கிய மனநல மருத்துவமனைக்கு ஒருவர் போய் வந்துவிட்டால் போதும், அவருடைய பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் சேர்த்தே ஒதுக்கி வைக்கிறார்கள்.

புக்கிட் பெலண்டோக்கில் நடந்ததை இவர்கள் மறந்துவிட்டார்கள். 1998 செப்டம்பரில் ஈப்போ பக்கத்துப் பன்றிப் பண்ணைகளில் ஒரு மூளைக்காய்ச்சல் கிளம்பியது. கொசு பரப்பும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று அதிகாரிகள் முடிவு கட்டினார்கள். புகை அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். ஊசி போட்டுக்கொண்டவர்களும் செத்தார்கள். நோய்கண்ட பன்றிகள் கைமாறி நெகிரி செம்பிலானுக்கு வந்து சேர்ந்தபோது, புக்கிட் பெலண்டோக்கிலும் பக்கத்துச் சுங்கை நிப்பா கிராமத்திலும் பிணம் விழத் தொடங்கியது. பண்ணை நடத்திய சீனக் குடும்பங்களும் அங்கே கூலிக்கு நின்ற தமிழர்களும் அடுத்தடுத்துப் படுத்தார்கள். 1999 மார்ச்சில்தான் மலாயாப் பல்கலைக்கழகத்தில் சுவா காவ் பிங் என்ற மருத்துவர் இது கொசுக்காய்ச்சல் அல்ல, உலகம் அதுவரை அறியாத வைரஸ் என்று கண்டுபிடித்தார். பழந்தின்னி வௌவாலிடமிருந்து பன்றிக்கும், பன்றியிடமிருந்து மனிதனுக்கும் தாவிய வைரஸ் அது. சுங்கை நிப்பாவின் பெயரையே அதற்கு வைத்தார்கள். மலேசியாவில் 265 பேருக்கு நோய் கண்டது, 105 பேர் இறந்தார்கள். ராணுவம் இறங்கிப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகளைக் கொன்றது.

அப்போது ஒரே வீட்டில் இரண்டு மூன்று பேர் படுத்ததும் உண்டு. இன்றைய பெரியம்மாவின் கணக்குப்படி அது குடும்ப ரத்தம். ஆனால் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனையில் ஆராயப்பட்ட 94 நோயாளிகளில் 93 சதவீதம் பேர் பன்றிகளோடு நேரடியாகப் புழங்கியவர்கள். அப்பனும் மகனும் பங்கிட்டுக்கொண்டது பன்றிக்கொட்டகையைத்தான்.

பிழைத்தவர்களின் கதையைத்தான் சம்பந்தம் பேசுகிறவர்கள் கேட்க வேண்டும். காய்ச்சல் இறங்கி வீடு திரும்பியவர்களில் சிலருக்கு மாதங்கள் கழித்து மூளைக்காய்ச்சல் மறுபடியும் வந்தது. இந்த நோயிலிருந்து மீண்ட ஒன்பது பேரைப் பற்றிச் சிங்கப்பூர் மருத்துவர்கள் 2004இல் எழுதினார்கள். எட்டுப் பேருக்கு மனநலக் கோளாறு. கடும் மனச்சோர்வு, குணமே மாறிப்போதல், நினைவாற்றல் குறைவு, ஓயாத அசதி. நோய் வருவதற்கு முன்பு தினமும் வேலைக்குப் போய்வந்த மனிதர்கள் அவர்கள். வைரஸ் மூளைக்குள் புகுந்தது, மனம் உடைந்தது. இதில் எந்தத் தாத்தாவைக் குற்றம் சொல்வது? எந்தக் குலத்தை ஒதுக்குவது?

வைரஸ் வேறு, மனப்பிளவு நோய் வேறு என்று யாராவது கிளம்புவார்கள். மனப்பிளவு நோயையே எடுத்துக்கொள்ளட்டும். ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையரில் ஒருவருக்கு அது வந்தால் மற்றவருக்கு வருவது ஏறத்தாழ பாதிப்பேருக்குத்தான், அதுவும் சில ஆய்வுகளில் இன்னும் குறைவு. மரபணு முழுவதும் ஒன்றாக இருந்தும் மற்ற பாதிப்பேர் தப்பிக்கிறார்கள். பெற்றோரில் ஒருவருக்கு நோய் இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு நூற்றுக்குச் சுமார் பத்து. தொண்ணூறு பிள்ளைகள் நன்றாக இருக்கிறார்கள். அந்தத் தொண்ணூறு பேரின் கல்யாணத்தையும் சேர்த்துத்தான் இவர்கள் முறிக்கிறார்கள். 1944-45 குளிர்காலத்தில் நெதர்லாந்தில் ஜெர்மானியர் உணவை மறித்தபோது கருவான குழந்தைகளிடம் பின்னாளில் இந்த நோய் இரண்டு மடங்கு காணப்பட்டது. தாயின் பட்டினி அந்தக் குழந்தைகளின் பரம்பரைச் சொத்தா?

மலேசியாவின் தேசிய சுகாதார ஆய்வு 2019இல் 2.3 சதவீதம் பேரிடம் மனச்சோர்வு இருப்பதாகச் சொன்னது. 2023இல் அது 4.6 சதவீதம். நான்கே ஆண்டுகளில் ஒரு நாட்டின் மரபணு மாறாது. நடுவில் வந்தது பெருந்தொற்றும் வேலை இழப்பும் கடனும்.

சிகரெட் விஷயத்தில் இந்தப் பரம்பரைப் பேச்சு இன்னும் வெட்கக்கேடு. 2015 தேசிய ஆய்வின்படி மலேசிய ஆண்களில் 43 சதவீதம் பேர் புகைத்தார்கள், பெண்களில் 1.4 சதவீதம். அண்ணனுக்கும் தங்கைக்கும் பெற்றோர் ஒருவரே. நிகோட்டின் பழக்கத்தோடு தொடர்புள்ள ஒரு மரபணு மாற்றத்தை 2008இல் பதினைந்தாம் குரோமோசோமில் கண்டுபிடித்தார்கள், உண்மைதான். அது மகனுக்கு எப்படி வருகிறதோ அப்படியேதான் மகளுக்கும் வருகிறது. புகைப்பவரிடம் அந்த மாற்றத்தின் ஒரு நகல் இருந்தால் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு சிகரெட் கூடுகிறது. மீதிப் பாக்கெட்டுக்குக் கடைக்காரரும் கூட்டாளிகளும் "ஆம்பளப் புள்ள பிடிச்சா என்ன" என்று விட்டுவிட்ட வீட்டாரும்தான் பொறுப்பு. முதல் சிகரெட்டை யாரும் கையில் கொடுக்காதவனுக்கு எந்த மரபணுவும் நிகோட்டின் அடிமைத்தனத்தைத் தந்துவிடாது. பன்றிக்கொட்டகைக்குள் கால் வைக்காதவர்களை புக்கிட் பெலண்டோக்கில் நிப்பா பெரும்பாலும் தீண்டவில்லை. இங்கேயும் அதே கதைதான்.

ரத்தத்தின் மேல் பழி போடுவதால் லாபம் அடைகிறவர்கள் வேறு ஆட்கள். வெள்ளைக்காரன் காலத்தில் தோட்டத்துக்குத் தோட்டம் கள்ளுக்கடைக்கு உரிமம் கொடுத்தார்கள். மாலையில் கையில் இருந்த கூலி அங்கேயே திரும்பிப் போனது. பிறகு அதே முதலாளிகள் தமிழன் பிறவிக் குடிகாரன் என்றார்கள், அதை நம்மவர்களே இன்றுவரை திருப்பிச் சொல்கிறார்கள். பால்மரத்தை வெட்டிச் செம்பனை போட்டார்கள், தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றார்கள். லயத்து வீடும் கோயிலும் தமிழ்ப்பள்ளியும் ஒன்றாக இருந்த இடத்திலிருந்து குடும்பங்களைக் கிளப்பி மலிவு விலை அடுக்குமாடிகளில் அடைத்தார்கள். அங்கே வளர்ந்த பையன் போதையிலோ மனச்சோர்விலோ விழுந்தால் அவனுடைய குலத்தைக் குறை சொல்லிவிட்டு எல்லோரும் கை கழுவுகிறார்கள்.

இன்றைய அரசும் இதில் தப்ப முடியாது. 2007இலும் அதற்குப் பின்னும் பிறந்தவர்களுக்குச் சிகரெட்டே விற்கக்கூடாது என்ற விதியை 2023 நவம்பரில் மசோதாவிலிருந்து எடுத்துவிட்டார்கள். அதே ஆண்டு ஏப்ரலிலேயே வேப் திரவத்து நிகோட்டினை நச்சுப்பொருள் பட்டியலிலிருந்து நீக்கியாகிவிட்டது. புதிய புகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் அமலுக்கு வந்தது 2024 அக்டோபர் 1 அன்று. இடைப்பட்ட பதினெட்டு மாதமும் பள்ளிப் பையனுக்கு நிகோட்டின் வேப் விற்றவனைத் தண்டிக்கச் சட்டம் இல்லை. அந்தப் பதினெட்டு மாதத்தில் பழகிய பிள்ளைகளையும் நாளை அப்பன் புத்தி என்றுதான் சொல்வார்கள்.

தவறான காரணத்தைப் பிடித்துத் தொங்கினால் உயிர் போகும் என்பதற்கு புக்கிட் பெலண்டோக்கைவிட வேறு சாட்சி வேண்டாம். கொசு கொசு என்று சொல்லிக்கொண்டிருந்த மாதங்களில்தான் பன்றியைத் தொட்டவர்கள் செத்தார்கள். ரத்தம் ரத்தம் என்று சொல்லிக்கொண்டிருக்கும் இந்த ஆண்டுகளில், பெண்ணுக்கு மாப்பிள்ளை கிடைக்காது என்று பயந்து தாயும் தகப்பனும் நோயை மறைக்கிறார்கள், மாத்திரையை நிறுத்துகிறார்கள், கோயிலுக்கும் சாமியாடியிடமும் அலைந்துவிட்டு முற்றிய பிறகு மருத்துவமனைக்கு வருகிறார்கள்.

வீட்டில் ஒருவர் இப்படி ஒளிந்து வாழ்ந்தால் அவரைப் பக்கத்து அரசாங்கச் சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போங்கள். சிகரெட்டை விடுவதற்கும் அங்கே உதவி கிடைக்கும். நேரில் போகக் கூச்சமாக இருந்தால் சுகாதார அமைச்சின் மனநல உதவி எண் 15555.