தெரிந்து ஆடுகிறவனும் தோற்கிறான்

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிஃப்ட் முடித்து வரும் பையன்களிடம் போக்கரைப் பற்றிப் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். “லாட்டரி வேற சார், இது வேற. இது ஸ்கில் கேம். கோர்ட்டே சொல்லியிருக்கு. சின்ன டேபிள்ல உக்கார்றவன் எல்லாம் ஆடத் தெரியாதவன். தெரிஞ்சு ஆடுனா ஜெயிக்கலாம்” என்பார்கள். ஆவடியிலும் பூந்தமல்லியிலும் இதே பேச்சுதான். போக்கரில் திறமைக்கு இடமே இல்லை என்று நான் வாதாட வரவில்லை. இருக்கிறது. ஆனால் அந்தத் திறமை மாதச் சம்பளக்காரனைக் காப்பாற்றும் என்பது பச்சைப் பொய்.

போக்கரில் திறமை பளிச்சென்று தெரிகிற இடம் ரீ-ரெய்ஸ். எதிராளி பணத்தை ஏற்றிவிட்டான். அதற்கு மேல் நாமும் ஏற்றுவதா, அதே தொகையைக் கட்டி ‘கால்’ செய்து பார்ப்பதா, சீட்டைப் போட்டுவிடுவதா? ஆட்டம் தெரிந்தவனுக்கும் தெரியாதவனுக்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான் வெளிப்படும் என்பார்கள். இணையத்தில் பணம் கட்டி ஆடுவதற்குத் தடை வருவதற்கு முன்பு, ஆவடி லோக்கலில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த இளைஞனின் ஃபோனில் இதைப் பார்த்தேன். கட்டாயக் காசு ஐந்து ரூபாயும் பத்து ரூபாயுமான 5-10 டேபிள், 1,000 ரூபாயோடு உட்கார்ந்திருந்தான். கையில் ஜோடி ராணி. முன்னால் இருந்தவன் 30 ஏற்றினான். திரையில் பச்சைக் கோடு ஒன்று தேய்ந்துகொண்டே வந்தது. அது தீர்வதற்குள் முடிவெடுக்க வேண்டும். இவன் கட்டைவிரலால் பட்டையை இழுத்து 100இல் நிறுத்தினான். எதிராளி கால் செய்தான். நடுவில் மூன்று சீட்டு திறந்தது. 150. நாலாவது சீட்டுக்கு 350. கடைசிச் சீட்டுக்கு மிச்சமிருந்த 400. எதிராளி காட்டியது ஜோடி ராஜா. அண்ணனூர் வருவதற்குள் 1,000 ரூபாயும் காலி.

அவன் தப்பாக ஆடினானா? இல்லை. ஜோடி ராணிக்கு ரீ-ரெய்ஸ் போடு என்றுதான் ஆட்டம் தெரிந்த எவரும் சொல்வார்கள். சரியாக ஆடித்தான் தோற்றான். ஐந்து ரூபாய், பத்து ரூபாய் ஆட்டம் என்று பெயர். ஒரே ஒரு ரீ-ரெய்ஸ் விழுந்தால் அது 1,000 ரூபாய் ஆட்டம். காண்ட்ராக்டில் வேலை பார்ப்பவனுக்கு அது ஒரு நாள் கூலிக்கும் மேல். சின்னக் காசுதானே என்று சொல்கிறவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்ததே இல்லை.

சின்ன டேபிளுக்கென்று ஒரு குணம் உண்டு. அங்கே ரீ-ரெய்ஸைப் பார்த்து யாரும் பயப்பட மாட்டார்கள். கையில் எது இருந்தாலும் கால் செய்வார்கள். மிரட்டி ஜெயிக்க வழியில்லை. அதனால் உண்மையிலேயே பெரிய கை வந்தால் மட்டும் ஏற்று என்பது அனுபவஸ்தர்களின் பாடம். நல்ல பாடம்தான். ஆனால் ஆஸ், ராஜா, ராணி ஆகிய மூன்று ஜோடிகளில் ஏதாவது ஒன்று கைக்கு வர, சராசரியாக 74 கை காத்திருக்க வேண்டும். ஆறு பேர் டேபிளில் ஒவ்வொரு சுற்றுக்கும் கட்டாயக் காசு 15 ரூபாய். ஒன்றுமே ஆடாமல் காத்திருந்தாலே 180 ரூபாய் போய்விடும். வந்த பிறகும் உத்தரவாதமில்லை. ஆஸ் ஜோடியே ராஜா ஜோடியிடம் ஏறக்குறைய ஐந்தில் ஒருமுறை தோற்கும்.

ஆகவே திறமை தன் பலனைக் காட்ட ஆயிரக்கணக்கான கைகள், ஏன், பல பத்தாயிரம் கைகள் ஆக வேண்டும். அதுவரை தோற்றுக்கொண்டே தாக்குப்பிடிக்கப் பணம் வேண்டும். அந்தப் பணம் யாரிடம் இருக்கிறது? ஏழாம் தேதி சம்பளத்தை எடுத்து வாடகைக்கு ஒதுக்கியவனிடம் இல்லை. வாடகைப் பணத்தோடு உட்கார்ந்தவன் ஏற்ற வேண்டிய இடத்தில் பயந்து சீட்டைப் போடுவான். நாலு கை தோற்றபின், விட்டதைப் பிடிக்கும் வெறியில், போட வேண்டிய இடத்தில் ஏற்றுவான். புத்தி இல்லாததால் அல்ல, பணம் இல்லாததால். பிறகு லோன் ஆப், அதற்குப் பிறகு மீட்டர் வட்டி.

ஒவ்வொரு கையிலும் டேபிள் நடத்துகிறவன் எடுக்கிற கமிஷன் வேறு. நூற்றுக்கு ஐந்து ரூபாய் என்றே வைத்துக்கொள்வோம். சமமான திறமையுள்ள ஆறு பேர் ஆளுக்கு 1,000 போட்டால் மொத்தம் 6,000. கைக்குச் சராசரி 200 ரூபாய் சேர்ந்தால் கமிஷன் 10. அறுநூறு கையில் ஆறு பேர் பணமும் நடத்துகிறவனிடம் போய்ச் சேரும். மணிக்கு அறுபது கை என்றால் பத்தே மணி நேரம்.

கோர்ட் சொன்னது என்ன? 1967இல் செகந்திராபாத் கிளப் ஒன்றின் வழக்கில், ரம்மி பெரிதும் திறமை சார்ந்தது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அதைத்தான் எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். அந்த ஆட்டத்திலிருந்து கிளப்காரர் லாபம் எடுத்தால் அது குற்றமாகலாம் என்றும் அதே தீர்ப்பில் இருக்கிறது. அதை யாரும் சொல்வதில்லை. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ரம்மியையும் போக்கரையும் ஆன்லைன் சூதாட்டத்துக்கு எதிரான தமிழகச் சட்டத்தின் தடைப்பட்டியலிலிருந்து நீக்கியது உண்மை. ஒரு விளையாட்டு சூதா இல்லையா என்பது நீதிபதி பார்க்கும் கேள்வி. பட்டரவாக்கத்தில் ரூம் எடுத்துத் தங்கியிருக்கும் பையன் ஜெயிப்பானா என்று எந்த நீதிபதியும் தீர்ப்பு எழுதவில்லை.

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் திறமையா, அதிர்ஷ்டமா என்ற கேள்வியையே ஒதுக்கிவிட்டது. பணம் கட்டி இணையத்தில் ஆடும் எல்லா விளையாட்டுக்கும் தடை. நான் இதை வரவேற்கிறேன். ஆனால் சட்டம் ஆப்பைத்தான் மூடும், நம்பிக்கையை மூடாது. வெளிநாட்டு ஆப்பின் லிங்க் அனுப்பி, ஏஜென்டிடம் பணம் கட்டச் சொல்கிறவனும் இதே ‘ஸ்கில் கேம்’ பாட்டைத்தான் பாடுவான்.

அப்படிப்பட்ட லிங்க் வந்தால் தொடாதீர்கள். ஏற்கெனவே பணம் கட்டி ஏமாந்திருந்தால் ஒளிந்துகொள்ளவும் வேண்டாம். அந்த 2025 சட்டத்தில் தண்டனை நடத்துகிறவனுக்கும் அதற்குத் துணைபோகிறவனுக்கும்தான், ஆடியவருக்கு இல்லை. சைபர் குற்ற உதவி எண் 1930ஐ அழையுங்கள். கூடப் பிறந்தவர்களிடமோ மேஸ்திரியிடமோ விஷயத்தைச் சொல்லுங்கள், அடுத்த கடன் வாங்குவதற்கு முன்பே.