கியர் பொக்ஸைக் கழற்றச் சம்மதிக்குமுன்...

 

வீட்டு வாசலில் நிற்கும் பழைய ஒட்டோ கியர் காரைப் பற்றி இம்மாதம் பேசுவோம். "அது ஆண்கள் விடயம்" என்று பக்கத்தைப் புரட்டி விடாதீர்கள். பிள்ளைகளைப் பாடசாலைக்கு ஏற்றி இறக்குவது யார்? கராஜ்காரர் கேட்கும் தொகைக்குக் கைச்செலவைச் சுருக்குவது யார்? நீங்கள்தானே!

கரவெட்டியிலிருந்து யாழ். போதனா வைத்தியசாலைக்குப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு புறப்படுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நெல்லியடிச் சந்தியில் நிறுத்தி மறுபடி எடுக்கும்போது கார் ஆமை போல நகருகிறது. காலை எவ்வளவு அமர்த்தினாலும் இழுவை இல்லை. முன்னாலுள்ள 'ஓ/டி ஓஃப்' என்ற சிறு விளக்கு கண் சிமிட்டுகிறது. எப்படியோ ஒரு கராஜுக்குப் போய்ச் சேர்ந்தால், "கியர் பொக்ஸ் போய்விட்டது அக்கா, வேறொன்று போட வேண்டும்" என்ற பதில் வருகிறது. உண்மையில் போயிருப்பது உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு சிறு பாகமாக இருக்கலாம். அதன் பெயர்தான் சொலினொயிட்.

இது புரியாத சங்கதியல்ல. துணி துவைக்கும் இயந்திரத்தில் தண்ணீர் பாயத் தொடங்குமுன் 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்கிறதல்லவா? அது ஒரு சொலினொயிட்தான். கம்பிச் சுருளுக்குள் மின்சாரம் பாய்ந்ததும் அது காந்தமாகி, ஓர் ஊசியை இழுத்து, நீர்வழியைத் திறந்து விடுகிறது. கியர் பொக்ஸுக்குள் இருப்பதும் இதே வேலையைத்தான் செய்கிறது. அங்கே பாய்வது தண்ணீர் அல்ல, ஒயில்.

1990களில் வந்த டொயோட்டாவின் நான்கு கியர் எலக்ட்ரானிக் பெட்டிகள் பலவற்றில் மூன்று சொலினொயிட்கள் உண்டு. இரண்டு கியரை மாற்றுவதற்கு; மூன்றாவது, வேகமாக ஓடும்போது எஞ்சினையும் கியர் பொக்ஸையும் ஒன்றாகப் பிணைப்பதற்கு. முதலாவது மட்டும் இயங்கினால் முதல் கியர். இரண்டும் இயங்கினால் இரண்டாம் கியர். இரண்டாவது மட்டும் இயங்கினால் மூன்றாம் கியர். இரண்டும் ஓய்ந்திருந்தால் நான்காம் கியர். இந்தக் கணக்கை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் காருக்குள் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் மின்சாரம் நின்றுவிட்டால் 'டி'யில் கார் நான்காம் கியரிலேயே புறப்படும். நெல்லியடிச் சந்தியில் கார் ஆமையானதன் இரகசியம் இதுதான்.

மூன்றாவது சொலினொயிட்டின் குணம் வேறு. அது வேலை செய்யாவிட்டால், வல்லை வெளி போன்ற நேர் வீதியில் எஞ்சின் வழக்கத்தை விடச் சற்றுக் கூடுதலாகச் சுற்றும்; பெட்ரோலும் கூடுதலாகக் குடிக்கும். அந்தப் பிணைப்பு விடுபடாமல் இறுகிக்கொண்டாலோ, காரை நிறுத்தப் போகும்போதெல்லாம் எஞ்சின் குலுங்கி நின்றுவிடும்.

யாழ்ப்பாணத்து மெக்கானிக்மாரின் கைராசியைச் சொல்லவும் வேண்டுமா? போர்க்காலத் தடையினால் 1990களில் பெட்ரோல் அரிதானபோது, ஒஸ்டின், மொரிஸ் கார்களை மண்ணெண்ணெயில் ஓடவைத்தவர்கள் அவர்கள். அந்தக் கார்களின் நோயைக் காதாலும் கையாலும் கண்டுபிடிக்கலாம். பெட்டிக்குள் ஒரு வயர் அறுந்திருப்பதைக் காதால் கேட்க முடியுமா? அதற்கு மீற்றர் வேண்டும். ஒழுங்கு முறையும் வேண்டும். அன்று பற்றரி இறங்கினால் காரைத் தள்ளி ஸ்டார்ட் செய்தோம். ஒட்டோ கியர் காரைத் தள்ளி ஸ்டார்ட் செய்ய முடியாது. ஓட்டும் சக்கரங்கள் நிலத்தில் உருள அதைக் கட்டியிழுப்பதும் ஆபத்து. எஞ்சின் ஓடாதபோது பெட்டிக்குள் ஒயில் சுற்றாது. உள்ளே தேய்ந்து போகும்.

சரி, பரிசோதனையை எந்த ஒழுங்கில் செய்விப்பது? செலவில்லாததிலிருந்து தொடங்குவோம்.

முதலில் ஒயில். சமதரையில் நிறுத்தி, கைப்பிரேக்கைப் போட்டு, நன்றாக ஓடிச் சூடான எஞ்சினை நிறுத்தாமல், பிரேக்கை மிதித்தபடி லீவரை எல்லா இடத்துக்கும் ஒருமுறை கொண்டுபோய் 'பி'யில் விடுங்கள். பிறகு கியர் ஒயில் கம்பியை இழுத்துத் துடைத்து, மறுபடி விட்டுப் பாருங்கள். சூடான நிலைக்குரிய அடையாளத்துக்குள் ஒயில் நிற்க வேண்டும். குறைந்தாலும் தீது, கூடினாலும் நுரைத்துத் தீது. தெளிந்த சிவப்பு நல்லது. கறுத்து, கருகிய மணம் வீசினால் உள்ளிருக்கும் கிளட்ச் தட்டுகள் தேய்ந்திருக்கலாம். அப்போது சொலினொயிட்டை மாற்றி மட்டும் பயனில்லை. கம்பி இல்லாத மொடல் என்றால் கராஜில்தான் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, பற்றரியும் வயரும். பற்றரி முனைகளில் பூத்த வெள்ளை, கியர் பொக்ஸுக்குப் போகும் பிளக்கில் பிடித்த களிம்பு, எலி கடித்த வயர் ஆகியவையும் இதே கோளாறைக் காட்டும்.

மூன்றாவது, கம்பியூட்டர் சேமித்து வைத்திருக்கும் குறியீடு. பழைய டொயோட்டாக்களில் ஒரு வசதி உண்டு. எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் திருப்பி, பரிசோதனைப் பெட்டியிலுள்ள 'டி.ஈ.1', 'ஈ.1' என்ற இரு முனைகளை மெக்கானிக் ஒரு வயரால் இணைத்தால், 'ஓ/டி ஓஃப்' விளக்கே கணக்குச் சொல்லும். ஆறு தடவை சிமிட்டி, சற்று நின்று, இரண்டு தடவை சிமிட்டினால் 62. அது முதலாவது சொலினொயிட். 63 இரண்டாவது. 64 மூன்றாவது. 61 என்றால் வேகத்தை அளக்கும் சென்சர். அதற்கும் சொலினொயிட்டுக்கும் சம்பந்தமில்லை. முனை மாறினால் கேடு வரும் என்பதால் இதை நீங்களாகச் செய்ய வேண்டாம். பிந்திய கார்களில் ஸ்கேனர் பூட்டினால் பி0753, பி0758 போன்ற குறியீடுகள் வரும். ஒன்றை மறவாதீர்கள்: குறியீட்டை வாசிக்குமுன் பற்றரியைக் கழற்ற விடாதீர்கள். கழற்றினால் பழைய கார்களில் அந்த நினைவு அழிந்துவிடும்.

நான்காவது, மீற்றர். குறியீடு ஒரு சுற்றைக் காட்டுமே தவிர, குற்றவாளி சொலினொயிட்டா வயரா என்று சொல்லாது. பிளக்கைக் கழற்றி அளந்தால், இந்த வகை டொயோட்டாக்களின் கியர் மாற்றும் சொலினொயிட் ஒவ்வொன்றும் 11 முதல் 15 ஓம் வரை காட்ட வேண்டும். எல்லையின்றிப் போனால் சுருளோ உள்வயரோ அறுந்திருக்கிறது. பூச்சியத்தை நெருங்கினால் ஷோர்ட். அளவு சரியாக இருந்தும் கோளாறு தொடர்ந்தால், தூசியால் ஊசி இறுகியிருக்கலாம். பழைய முறைகளில் அதற்குக் குறியீடு விழாமலும் போகும்.

சகோதரிகளே! பல டொயோட்டாக்களில் கீழுள்ள ஒயில் தட்டைக் கழற்றினாலே சொலினொயிட் கைக்கு எட்டும். ஹொண்டாக்கள் பலவற்றில் அது பெட்டியின் வெளிப்புறத்திலேயே பூட்டியிருக்கும். முழுப் பெட்டியையும் இறக்க வேண்டியதில்லை. பார்க்காமலே பெட்டியை மாற்றுவது எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதைதான். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட கார் இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் அனுமதிக்கப்பட்டாலும், வரியும் விலையும் சேர்ந்து புதுக் காரை எத்தனையோ குடும்பங்களுக்கு எட்டாக் கனியாக்கிவிட்டன. இருப்பதைக் காப்பாற்றத்தானே வேண்டும்!

வழியில் இப்படி நேர்ந்தால் பதறாதீர்கள். அந்த நான்கு கியர் டொயோட்டாக்களில் மின்சாரம் முழுவதும் போனாலும் லீவருக்கு அதிகாரம் உண்டு. 'எல்'லில் முதல் கியரும், '2'இல் மூன்றாம் கியரும், 'டி'யில் நான்காம் கியரும் விழும். ஆகவே 'எல்'லில் புறப்பட்டு, மெதுவாக '2'க்கும் பின்பு 'டி'க்கும் மாற்றி வீடு வந்து சேரலாம். வேகமாக ஓடும்போது மட்டும் 'எல்'லுக்கு இழுத்துவிடாதீர்கள்.

கராஜில் வாய்மூடி நிற்க வேண்டாம். "ஒயில் எப்படி இருந்தது? எந்தக் குறியீடு வந்தது? எத்தனை ஓம் காட்டியது?" என்ற மூன்றையும் பணிவாகக் கேளுங்கள், விடைகளை எழுதி வாங்குங்கள். நேர்மையான மெக்கானிக் மகிழ்ச்சியோடு சொல்வார். மூன்றுக்கும் விடையில்லாமல் "பெட்டியை இறக்குவோம்" என்றால், சாவியை வாங்கிக்கொண்டு இன்னொருவரிடம் காட்டுங்கள்.

அடுத்த இதழில் வேறொரு பயனுள்ள விடயத்தோடு சந்திப்போம், இன்ஷா அல்லாஹ். வஸ்ஸலாம்.