நாயைப் பார்க்காமல் சான்றிதழா?



போடிநாயக்கனூரில் வீடு, கேரளத்தின் பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கம் ஏலத்தோட்டம் என்று வாழும் குடும்பங்கள் எங்கள் ஊரில் ஏராளம். போடிமெட்டுக்கு ஜீப் கிளம்பினால் வீட்டு நாயும் மூட்டைகளுக்கு நடுவே ஏறிக்கொள்ளும். நாய், பூனைகளை வெளியூர் கொண்டுபோக, பயணத்துக்கேற்ற உடல்நிலை உண்டு, வெறிநோய் உள்ளிட்ட தொற்று அறிகுறி இல்லை என்று கால்நடை மருத்துவர் சான்று தர வேண்டும் என்கின்றன 1978ஆம் ஆண்டின் விலங்குகள் போக்குவரத்து விதிகள். 2023 ஜூனில் சென்னை ரயில் போடிக்கு வந்தபின் இந்தச் சான்றின் தேவை கூடியிருக்கிறது.

சமீபத்தில் ஓரிடத்தில் சான்று கேட்டபோது, "நாயைக் கூட்டிவர வேண்டாம், பேரும் வயசும் சொன்னால் போதும்" என்றார்கள். அந்தத் தாளால் யாருக்கு என்ன பயன்? வெறிநோய் முற்றினால் மனிதரைக் காப்பாற்ற மருந்தில்லை. தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயங்களில் குழந்தைகள் இந்த நாய்களோடுதான் புரண்டு விளையாடுகிறார்கள். காய்ச்சல் பார்த்து, தோலைத் தடவிப் பார்த்து, தடுப்பூசிப் புட்டியின் லேபிள் ஒட்டிய அட்டையையும் தேதியையும் சரிபார்க்க எவ்வளவு நேரமாகிவிடும்?

கால்நடை பராமரிப்புத் துறை, போடியில் சான்று வழங்க தினமும் காலையில் ஒரு மணி நேரம் ஒதுக்கி, அதைப் பலகையில் எழுதி வைக்கட்டும். வீரபாண்டி கால்நடை மருத்துவக் கல்லூரியும் குரங்கணி, கொட்டகுடி போன்ற மலையூர்களில் தடுப்பூசி முகாம் நடத்த முன்வர வேண்டும்.

- ஏலத்தோட்ட விவசாயி, போடிநாயக்கனூர்